பட்டப்பகலில் இருட்டிப்போகும் திரை

அன்பு மாப்பிள்ளை சவரிமுத்துவுக்கு,

போன இடத்தில் சுகமாக இருப்பீர்கள். இங்கே நாங்களும் இருக்கிறோம். உங்கள் மனைவி, என் தங்கை ஸ்டெல்லாவுக்கு வாரம் இரண்டு தடவை போடியில் டயாலிசிஸ் நடக்கிறது. கால் வீக்கம் வடிந்திருக்கிறது. இந்த வருஷம் ஏலத்தோட்டத்துக்கு மழை முன்னதாகவே வந்துவிட்டது. நம் சர்ச் பங்குப் பத்திரிகையில் நினைவுக் கடிதம் போட ஒரு பக்கம் தருவதாகக் கோயில்பிள்ளை சொன்னார், அதனால் எழுத உட்கார்ந்தேன். மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்களுக்குத் தெரிந்ததையும் சில இடங்களில் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு வருத்தமான செய்தி. உங்கள் பழைய காரை விற்றாயிற்று. மலை ஏறும்போது அது பெருமூச்சு விடும், நீங்கள் அதற்குத் தைரியம் சொல்லிக்கொண்டே ஓட்டுவீர்கள். நான் பக்கத்தில் கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பேன். எஸ்டேட் டிஸ்பென்சரியில் ஆயுசு முழுக்க மருந்து கலக்கியவன் நான். "மச்சான், நீங்க வண்டி ஓட்டல, சொட்டுச் சொட்டா அளந்து ஊத்துறீங்க" என்று நீங்கள் கேலி செய்தது நினைவிருக்கிறதா? அப்படி அளந்து ஊற்றித்தான் நீங்கள் போன பிறகு ஸ்டெல்லாவை போடிமெட்டு வழியாக இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தேன். மெஷினிலிருந்து எழுந்து வருகிறவளுக்குத் தலை நிற்காது. பஸ்ஸில் அவளால் வர முடியாது.

உங்கள் மகன் அமல் கொச்சியிலிருந்து புது வண்டி ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தான். "மாமா, இது ரொம்ப சேஃப். எல்லாத்தையும் ஆட்டோவுல போட்டிருக்கேன். நீங்க எதையும் தொடாதீங்க" என்றான். தொடுவதற்கு அதில் என்ன இருக்கிறது? உங்கள் காரில் காற்றுக்கு ஒரு திருகு, சூட்டுக்கு ஒரு திருகு, ரேடியோவுக்கு ஒரு திருகு. கண் ரோட்டில் இருக்கும்போதே கை அது அதைத் தேடிப் பிடிக்கும். இதில் குறுக்கே ஒரே ஒரு கண்ணாடித் திரை. எதுவானாலும் விரலால் தொட வேண்டும், அதற்குள் இன்னொரு பக்கம் திறக்கும், அதற்குள் இன்னொன்று. கொண்டை ஊசி வளைவில் ஒரு கையால் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டு திரைக்குள் பக்கம் புரட்ட என்னால் முடியுமா? கம்பெனிக்காரர்கள் சமவெளியில் உட்கார்ந்து செய்திருப்பார்கள் போலிருக்கிறது.

அந்த வண்டியை ஆரம்பத்திலிருந்தே நான் நம்பவில்லை. இதற்கும் அதற்கும் மணியடிக்கிறது. பெல்ட் போடு என்கிறது, கோட்டுக்குள் போ என்கிறது. நம் மலை ரோட்டில் கோடு எங்கே இருக்கிறது? முதல் வாரமே அமல் போனில் கேட்டான்: "மாமா, பூப்பாறை தாண்டி எதுக்கு நிறுத்துனீங்க?" வண்டி எங்கே நிற்கிறது என்பது அவன் போனில் தெரியுமாம். என் வயதில் வழியில் வண்டியை எதற்கு நிறுத்துவார்கள் என்று அவனுக்கு யார் சொல்வது? அன்றைக்கே எனக்குச் சந்தேகம் தட்டியது. வண்டியைக் கொடுத்தது அம்மாவை ஏற்றி இறக்கவா, மாமன் இனி ஓட்ட லாயக்கில்லை என்று சாட்சி சேர்க்கவா? அம்மாவைக் கொச்சி ஃபிளாட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவன் ஆசை. ஸ்டெல்லாவுக்கு அது பிடிக்கவில்லை. நீங்கள் படுத்திருக்கும் இந்த மலையை விட்டு அவள் போகமாட்டாள். நான் ஓட்டும்வரைதான் அவள் இங்கே இருக்க முடியும். இது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும், யாரும் வாய் திறந்து சொல்வதில்லை.

உங்கள் காரில் இருந்த வேளாங்கண்ணி மாதா சுரூபத்தை, அந்தச் சின்னச் சிலையை, ஸ்டெல்லா பத்திரமாக எடுத்து வைத்திருந்தாள். புது வண்டியின் டேஷ்போர்டு முழுக்கச் சரிவு. ஒரு தீப்பெட்டி வைத்தாலும் வழுக்கி விழும். முன்கண்ணாடியை ஒட்டி ஒரே ஒரு இடத்தில் மட்டும் கறுப்பாக, வட்டமாக ஒரு சின்ன மேடு இருந்தது. ஸ்டெல்லாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"பாத்தியாண்ணே, கம்பெனிக்காரனே பீடம் வச்சுல்ல அனுப்பியிருக்கான்."

எனக்கும் அப்படித்தான் பட்டது. சுரூபத்தின் அடிப்பாகம் அளவெடுத்தது மாதிரி அதன்மேல் உட்கார்ந்தது. இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பை வைத்து அழுத்தி நானே நிறுத்தினேன்.

அடுத்த தடவை போடிக்கு இறங்கும்போதுதான் பார்த்தேன், திரை இருட்டிப்போயிருந்தது. எழுத்தெல்லாம் சாம்பல் நிறம். நல்ல வெயில், மத்தியானம். மூக்கைக் கொண்டுபோய் வைத்தால்தான் ஏதோ தெரிகிறது. எதிரே வந்த லாரிக்காரர்கள் என்னைப் பார்த்துக் கையை விரித்து விரித்து மூடினார்கள். முன்விளக்கு எரிகிறது என்று அர்த்தம். செக்போஸ்ட்டில் நின்ற மலையாளி, "அப்பச்சா, பகலத்து எந்தினா லைட்டு?" என்று கேட்டுச் சிரித்தான். நான் எந்த விளக்கையும் போடவில்லை. எதையும் தொடாதீர்கள் என்று அமல் சொன்னதை அட்சரம் பிசகாமல் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

ஸ்டெல்லாவிடம் கேட்டேன், "உனக்கு இதுல எழுத்து தெரியுதா?"

"எனக்கு எதுத்தாப்ல மாடு நின்னாலே கண்ணாடி போட்டாத்தான் தெரியும். என்னயப் போயி கேக்கிறியே."

அமலிடம் சொன்னால், "மாமா, நீங்க தெரியாம எதையாச்சும் அமுக்கியிருப்பீங்க" என்றான். பிறகு குரலைத் தணித்து, "கண்ணக் கொஞ்சம் செக் பண்ணிக்கோங்களேன்" என்றான். கொச்சியில் உட்கார்ந்தபடியே அவன்தான் போனில் திரையை மங்க வைக்கிறானோ என்று அன்று ராத்திரி நினைத்தேன். சொல்லவே கூசுகிறது, மாப்பிள்ளை. ஆனால் வண்டி நிற்கும் இடம் தெரிகிறவனுக்கு இது முடியாதா என்ன? மறுநாள் காலையில், கெட்டுப்போனது என் கண்ணேதான் என்று தோன்றிவிட்டது. சாயங்காலம் வண்டிமேல் சந்தேகம். எனக்கு எதையும் ஒரு நாளைக்கு மேல் உறுதியாக நம்ப வராது, உங்களுக்குத் தெரியாததா?

அப்படி இருக்கும்போது ஒரு நாள் ஆஸ்பத்திரியில் மெஷின் கிடைக்கத் தாமதமாகி, திரும்பி வரும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. போடிமெட்டை நெருங்கும்போது மஞ்சு மூடுபனியாக இறங்கிவிட்டது. வெளியே வெள்ளை, உள்ளே கண்ணாடியிலும் ஆவி. ஜன்னலை இறக்கினால் ஆவி போகும், அது நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும். ஆனால் பின்சீட்டில் ஸ்டெல்லா போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்குச் சூடு காற்று வரும் படம் திரையில் எங்கோ இருக்கிறது. அந்தச் சாம்பல் நிறத்தில் எனக்கு அகப்படவில்லை. எதையோ தொட்டேன், பாட்டு வந்தது. இன்னொன்றைத் தொட்டேன், குளிர்காற்று முகத்தில் அடித்தது. ஓரமாக நிறுத்தி, கைக்குட்டையால் துடைத்துத் துடைத்து, நடந்து போகிறவனைவிட மெதுவாக வீடு வந்து சேர்ந்தோம்.

வண்டியை நிறுத்தியதும் அவள் உடனே இறங்கவில்லை.

"அண்ணே, அமல் சொல்றது சரிதானோன்னு தோணுது. நான் கொச்சிக்கே போயிருறேன். என்னால நீயும் பள்ளத்துல விழணுமா?"

இறங்கி அவள் பக்கக் கதவைத் திறந்துவிட்டேன். நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

அடுத்த முறை அவளை மெஷினில் படுக்க வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் போடியிலேயே ஒரு கண் டாக்டரிடம் போனேன். திரும்ப வண்டி ஓட்ட வேண்டும், சொட்டு மருந்து விடாமல் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டேன். வலது கண்ணில் புரை தொடங்கியிருக்கிறது என்றார். பகலில் ஓட்டலாம், மஞ்சிலும் ராத்திரியிலும் வேண்டாம், சீக்கிரம் ஆபரேஷன் செய்துகொள்வது நல்லது என்றார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பகல்லயே இருட்டாத் தெரியுமா டாக்டர்?" என்றேன். "இந்த அளவு புரையில அப்படித் தெரியாதே" என்றார்.

அவர் சொன்னதில் எனக்குப் பிடித்துக்கொண்டது அந்தக் கடைசி வார்த்தை. பல மருந்து சாப்பிடுகிற ஒருவருக்கு உடம்பில் தடிப்பு வந்தால் டிஸ்பென்சரியில் நாங்கள் என்ன செய்வோம்? ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்போம். ஆஸ்பத்திரி வாசலில் கொதிக்கும் வெயிலில் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு உட்கார்ந்தேன். போன் வழியாக அமல் ஏதும் செய்கிறானோ என்று முதலில் என் போனை அணைத்தேன். திரை இருட்டுதான். அமலுக்கு மனதுக்குள் பாதி மன்னிப்புக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, பழைய கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். இருட்டுதான். அப்புறம் வேறு மாதிரி யோசித்தேன். கம்பெனி வைக்காததாக இந்த வண்டியில் நாங்கள் என்ன வைத்தோம்?

தலையை நிமிர்த்தினேன். மாதா எனக்கு முதுகைக் காட்டி ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மனசில்லாமல்தான் கையை நீட்டினேன். வெயிலில் டேப் இளகியிருந்ததால் சுரூபம் சுலபமாகக் கழன்றது. திரை பளீரென்று வெளுத்தது. திரும்ப வைத்தேன், கொஞ்ச நேரத்தில் இருட்டியது. நம்பாமல் மறுபடி எடுத்தேன், மறுபடி வைத்தேன். வாட்ச்மேன் ஜன்னலோரம் வந்து குனிந்தார்.

"சாமியத் தூக்கித் தூக்கி வைக்கிறீங்களே சார், எதும் வேண்டுதலா?"

அந்தக் கறுப்பு மேடு பீடம் இல்லை, மாப்பிள்ளை. வெளியே வெளிச்சம் எவ்வளவு என்று வண்டி பார்க்கிற கண் அது. நாங்கள் அதை மூடிவிட்டோம். ராத்திரி ஆகிவிட்டது என்று நினைத்து அது விளக்கைப் போட்டிருக்கிறது, திரையை மங்க வைத்திருக்கிறது.

ஸ்டெல்லா வந்ததும் சொன்னேன். அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

"இது அமல் சொல்லிக்குடுத்த பேச்சா? மாதாவ எடுத்துட்டா நானும் பின்னாலயே கிளம்பிருவேன்னு நெனச்சானா?"

"நீயே கைய வச்சுப் பாரு."

அவ்வளவு களைப்பிலும் முன்சீட்டில் வந்து உட்கார்ந்து, உள்ளங்கையால் அந்த மேட்டைப் பொத்தினாள். திரை இருட்டியது. எடுத்தாள், வெளுத்தது. அவளும் என்னைப் போலவே திரும்பத் திரும்பச் செய்து பார்த்தாள்.

"அப்ப மாதாவ எங்க வைக்க?"

"நடுவுல டம்ளர் வைக்கிற குழி ஒண்ணு..."

"டீ டம்ளர் குழியிலயா? ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சாண்ணே?"

கடைசியில் ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். இப்போதும் அப்படித்தான் வருகிறாள். அமலிடம் சொன்னபோது சத்தமாகச் சிரித்தான். "சரி மாமா, அப்ப உங்க கண்ணுக்கு ஒண்ணுமில்ல, நான்தான் தப்பா நெனச்சுட்டேன்" என்றான்.

எல்லாச் சந்தேகமும் தீர்ந்த அந்த நேரத்தில்தான் எனக்குப் பயம் வந்தது. இனி என் கண்ணைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள். நான் வாயை மூடிக்கொண்டால் போதும், ஸ்டெல்லா இங்கேயே இருப்பாள், சாவி என்னிடமே இருக்கும். அடுத்த முறை கீழே போய்த் திரும்பி வரும்வரை வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். திரை பளிச்சென்று இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் என் வலது கண்ணை நானே வேவு பார்த்துக்கொண்டு ஓட்டினேன். ஒரு டிஸ்பென்சரிக்காரன் நோயாளியிடம் இப்படி மறைக்கலாமா? அவளல்லவா பின்சீட்டில் இருக்கிறாள்?

அதற்கடுத்த முறை, அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும், கிளம்புவதற்கு முன் வாசலிலேயே சொன்னேன்.

"ஸ்டெல்லா, நான் கண் டாக்டரப் பாத்தேன். வலது கண்ணுல புரை."

"எப்பப் பாத்த?"

"நீ மெஷின்ல இருக்கையில. பகல்ல ஓட்டலாமாம். மஞ்சுல வேண்டாம்னாரு."

"அன்னைக்கு மஞ்சுல ஓட்டுனியே, அது டாக்டரப் பாக்க முந்தியா, பிந்தியா?"

"முந்தி."

"பிந்தின்னா இப்பவே எறங்கியிருப்பேன்" என்றாள். பிறகு அவளே அமலுக்குப் போன் போட்டாள். காலை நேரத்துக்கு மெஷினை மாற்றிக் கேட்பது, விடிந்ததும் கிளம்பி, திரும்பும்போது மஞ்சு இறங்கும் முன்னால் போடிமெட்டைத் தாண்டிவிடுவது, நான் ஆபரேஷன் செய்துகொள்ளும்போது அமல் லீவு போட்டு வந்து ஓட்டுவது என்று எல்லாவற்றையும் அவளே முடிவு செய்தாள். அமல் மறுபேச்சு இல்லாமல் சரி என்றான். ஏன் இவ்வளவு சுலபமாகச் சம்மதித்தான்? ஓட்ட வருகிறவன் அம்மாவின் பெட்டியைக் கட்டிக்கொண்டு போகத்தான் வருகிறானா? உங்கள் பிள்ளையை உங்களுக்குத்தான் தெரியும். எனக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை.

இப்போது ஸ்டெல்லா முன்சீட்டில்தான் உட்காருகிறாள். "நீ ரோட்டப் பாரு, இந்தப் பொட்டிய நான் பாத்துக்கிறேன்" என்று மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைத் தொட்டு விடுகிறாள். சூடு காற்று எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். முன்னால் லாரி போனால் அதன் நம்பரை வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறாள். நான் படித்தால், "தெரிஞ்ச லாரி நம்பரச் சொல்லாதண்ணே, வெளியூர் லாரி வரட்டும்" என்கிறாள். அவளும் சந்தேகக்காரியாகிவிட்டாள். அது நல்லதற்குத்தான்.

ஒரு வாக்குத் தருகிறேன், மாப்பிள்ளை. அந்த நம்பரில் ஒரு எழுத்தை நான் தவறாகப் படிக்கிற அன்றைக்கு மஞ்சைக் குற்றம் சொல்லமாட்டேன், திரையைக் குற்றம் சொல்லமாட்டேன். அந்த இடத்திலேயே வண்டியை ஓரமாக நிறுத்தி, யாரும் கேட்பதற்கு முன்னால் சாவியை ஸ்டெல்லா கையில் கொடுத்துவிடுவேன். அதுவரை உங்கள் வீட்டுக்காரியைக் காலையில் இறக்கி, வெளிச்சம் இருக்கும்போதே வீடு கொண்டுவந்து சேர்ப்பேன்.

சொட்டுச் சொட்டாக ஓட்டும்,
உங்கள் மச்சான்,
அருளப்பன்