வட்டம் கேட்டால் முட்டை

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் முட்டைதான். நான் வட்டம் வெட்டச் சொல்கிறேன், இரும்பு வெட்டும் மில்லிங் மெஷின் முட்டை வெட்டித் தருகிறது. அதன் மேசை ஓடும் இரண்டு ரெயில்களும் தேய்ந்துவிட்டன. கையால் அசைத்தால் மேசையே ஆடுகிறது.

“பழைய மெஷின் வாங்குறவர் திங்கட்கிழமை வர்றார். கொடுத்துடலாம்” என்றான் அண்ணன். கொடுத்துவிட்டால் நான்? பட்டறையில் இருப்பது இது ஒன்றுதான், ஓட்டுவது நான். வேறெங்காவது போய் வேலை கேட்டு நிற்க வேண்டியதுதான்.

அண்ணி, “ரெயிலைத்தானே மாத்தணும்? நான் மாத்துறேன்” என்றார். அண்ணன் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது, மறைத்துக்கொண்டேன். கல்யாணத்துக்கு முன்னால் அவர் ஃபிட்டர்தான். ஆனால் அது எந்தக் காலம்!

மார்ச் 6, வியாழன்

அண்ணி நேற்றே புது ரெயில்கள் வாங்கி வந்துவிட்டார். இன்று பழையவை கழன்றன. புதியதை உடனே பூட்டிவிட எனக்குத் துடிப்பு. அண்ணி விட்டால்தானே. ரெயில் உட்காரும் இடத்தை எண்ணெய்க் கல்லால் தேய்ப்பது, விரலால் தடவுவது, மறுபடி தேய்ப்பது — காலை முழுக்க இதேதான்.

“அண்ணி, அது இரும்பு. குழந்தை இல்ல.”

“ஒரு பிசிறு இருந்தாலும் ரெயில் கோணலா உக்காரும். அப்புறம் புதுசு என்ன, பழசு என்ன?”

மார்ச் 7, வெள்ளி

போச்சு. எல்லாம் போச்சு.

ரெயில் மேல் ஓடும் பிளாக்கை, அதற்கென்று கொடுத்த பிளாஸ்டிக் துண்டைச் செருகாமல் உருவிவிட்டேன். உள்ளே இருந்த எஃகு குண்டுகள், பாசி மாலை அறுந்த மாதிரி தரையெல்லாம். சொன்னாங்களே, படிச்சுப் படிச்சுச் சொன்னாங்களே — எனக்குப் புத்தி எங்க போச்சு?

அண்ணி திட்டவில்லை. “நகராத. அப்படியே நில்லு” என்று மட்டும் சொல்லி, வெள்ளைத் துணி விரித்துப் பொறுக்க உட்கார்ந்தார். கழுவி, கிரீஸ் தடவி, ஒவ்வொன்றாக அடுக்கினார். பக்கத்து வரிசையைவிட ஒன்று குறைந்தது. தேடித் தேடிப் பார்த்தால், என் செருப்பின் அடியில் பதிந்திருந்தது. “வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிருப்ப” என்றார்.

இவருக்குக் கோபமே வராதா? நானாக இருந்தால் கடித்துக் குதறியிருப்பேன்.

மார்ச் 8, சனி

இதை எழுதியே ஆக வேண்டும். முதல் ரெயிலை டயல் கேஜ் வைத்து, முள் அசையாத அளவுக்கு நேராக்கினார். இரண்டாவதையும் அப்படியே இறுக்குவார் என்று பார்த்தால், இல்லை. போல்ட்களைத் தளர்வாக விட்டு, மேசையை ஏற்றி, கையால் மெல்லத் தள்ளினார். “ரெயில் எங்க இருக்கணும்னு மேசையே காட்டும். நாம இறுக்கினா போதும்.”

மேசை தாண்டிய இடத்தில் ஒரு போல்ட்டை இறுக்குவது, தள்ளுவது, அடுத்ததை இறுக்குவது. கடைசியில் ஒற்றை விரலால் தள்ளினார். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை சத்தமில்லாமல் போனது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு மேசைக்காக அழுத முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அண்ணன் வாசலில் நின்று பார்த்தான்.

மார்ச் 9, ஞாயிறு

மெஷின் வெட்டிய துண்டைத் திருப்பித் திருப்பி அளந்தேன். வட்டம்தான்.

மார்ச் 10, திங்கள்

வாங்குபவர் வந்தார். வட்டம் வந்தால் என்ன, விற்பதும் வைத்துக்கொள்வதும் அண்ணன் கையில்தானே.

மெஷின் வெட்டிய துண்டை அவர் உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். “நல்லா இருக்கே. இப்பவே வண்டியில ஏத்திடலாமா?”

அண்ணன் காதைச் சொறிந்தான். “ரெயில் மாத்தினவங்களைத்தான் கேக்கணும்” என்று அண்ணியைக் காட்டினான்.

அண்ணி தலை நிமிரவில்லை. “அடுத்த பீஸைப் போடும்மா” என்றார் என்னிடம்.

போட்டேன்.