உன் அம்மாவுக்குப் படித்துக்காட்டிய நாவல்

பூந்தமல்லி
ஞாயிறு

அன்பு மகள் இஃபத்துக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அம்மாவும் சுகம், என் இடது முழங்கால் மட்டும் எங்களோடு கோபித்துக்கொண்டு தனிக்குடித்தனம் போய்விட்டது. லீட்ஸில் குளிர் எப்படி, காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாயா?

நீ ஆன்லைனில் அனுப்பிவைத்த புத்தகங்களை எல்லாம் முடித்துவிட்டேன். முன்னேற்றப் புத்தகக்காரர் விடியுமுன் எழுந்தால் உலகையே வெல்லலாம் என்கிறார். ஃபஜ்ர் தொழுகைக்கு எழுந்துகொண்டுதான் இருக்கிறேன், காட்டுப்பாக்கம் டிராஃபிக்கைக்கூட இன்னும் வென்றபாடில்லை. சமையல் புத்தகத்தில் இரண்டே நிமிடத்தில் வெங்காயம் பொன்னிறமாகிறது. உன் அம்மா கேட்டுவிட்டு, "இத எழுதினவ அடுப்பு பக்கமே போயிருக்க மாட்டா" என்று தீர்ப்பு சொல்லிவிட்டாள். துப்பறியும் கதையை நான் பாதியில் வைத்திருந்தபோது எதிர்வீட்டு முகமது ஆசிக் இரவல் வாங்கிப் போனான். மறுநாள் மீன் கடையில் அத்தனை கூட்டத்துக்கு நடுவே, "பாய், டாக்டர்தான் கொல பண்ணது!" என்று கத்தினான் பார், வஞ்சிரம் வாங்க வந்த நிஜ டாக்டர் ஒருவர் பையோடு திடுக்கிட்டுத் திரும்பினார். கவிதைப் புத்தகத்தில் பக்கத்துக்கு மூன்று வரி, மீதியெல்லாம் வெள்ளைத்தாள். ஆனால் ஒன்றில் மழையில் நனைந்த பள்ளிக்கூடப் பை வந்தது, உன் பையின் புளித்த வாசனையும் கூடவே வந்துவிட்டது. அன்றைக்கு மேலே படிக்கவில்லை.

அந்தக் குடும்ப நாவலைத்தான் உன் அம்மாவுக்கு வாய்விட்டுப் படித்தேன். அவள் புடவைக்கு ஃபால்ஸ் தைப்பாள், நான் பக்கத்தில் நாற்காலி போட்டுப் படிப்பேன், முன்பு போலவே. அப்போது நீ தையல் மெஷினுக்கு அடியில் வெட்டுத்துணிக் குவியலில் உட்கார்ந்திருப்பாய். நான் பேய்க் குரல் எடுத்ததும் அம்மாவின் கணுக்காலைக் கட்டிக்கொள்வாய், மெஷின் நின்றுபோகும், எனக்குத்தான் திட்டு. இப்போதும் பேய்க் குரல் எடுக்கிறேன், மெஷின் பாட்டுக்கு ஓடுகிறது.

அந்த நாவலில் வெளிநாடு போன மகள் கடைசிவரை வருவதில்லை. தாய் காத்திருக்கிறாள், அவ்வளவுதான், புத்தகம் முடிந்துவிடுகிறது. அதை அப்படியே படிக்க எனக்கு வாய் வரவில்லை. அந்த மகளை நானாகவே பெருநாளுக்கு முன்தினம் டாக்சியில் கொண்டுவந்து இறக்கினேன், தாய்க்கு ஒரு சால்வை கொடுக்கவைத்தேன், பிரியாணிக்கு அரிசிகூட ஊறவைத்துவிட்டேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மெஷின் நின்றது.

"இன்னாங்க, எவ்ளோ நேரமா படிக்கறீங்க, பக்கம் திரும்புற சத்தமே காணோம்?"

எழுத்து பொடி என்று உளறினேன். அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டாள்: "போன்ல இஃபத் சொன்னதையும் இப்டித்தான் படிச்சிக் காட்டினீங்களா?"

நீ "லீவு கெடைக்கறது கஷ்டம், பார்க்கலாம் அத்தா" என்றாய். நான் அவளிடம் "பெருநாளுக்கு வருகிறாள்" என்றேன். அவள் உனக்குப் பச்சை நிறத்தில் சுடிதார் வெட்டிவைத்திருக்கிறாள். நான் புத்தகத்தை மூடினேன். அவள் மெஷினை மிதித்தாள். இப்போது அந்தச் சுடிதாரைத் தைக்கவும் இல்லை, எடுத்து உள்ளே வைக்கவும் இல்லை.

வர முடிந்தால் வா. முடியாவிட்டால் அதை அவளிடமே சொல், அழுதாலும் அவள் தாங்குவாள். என் போனுக்கு அடிக்காதே மா, அவள் போனுக்கு அடி. நான் இனிமேல் நடுவில் நின்று எதையும் படித்துக்காட்ட மாட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு. அல்லாஹ் உன்னை எல்லாத் துன்பம் முசீபத்திலிருந்தும் காப்பாற்றட்டும்.

உன் துஆவை நாடும்
அத்தா நஜீர்