பஃபலோ பாலத்தில் நீங்கள் கேட்ட தண்ணீர்

அக்கா,

இன்று காலை பள்ளிக்கூடம் போகிற அவசரத்தில் மகன் ஓட்ஸ் சீரியல் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டான். அந்த வறுத்த மணம் மூக்கில் ஏறியது. பஃபலோவின் மணம் அது. கனடாவுக்குள் விடுவார்களா என்று நாங்கள் காத்துக் கிடந்த அந்த அமெரிக்க நகரத்தில், சீரியல் ஆலைப் பக்கமிருந்து காற்றடித்தால் ஊரே இப்படித்தான் மணக்கும். "உந்த மணத்தாலையே பசிக்குது" என்பீர்கள். எனக்கோ பயத்தில் தண்ணீர்கூட இறங்காது.

அகதிகள் விடுதியில் எல்லாரும் எல்லையில் சொல்லவேண்டியதை உருப்போட்டுக்கொண்டிருக்க, நீங்கள் என்னை ஆற்றங்கரைக்கு இழுத்துக்கொண்டு போவீர்கள். ஈரி ஏரி ஒடுங்கி ஆறாகிற இடம். அக்கரையில் கனடா, கூப்பிடு தூரம். உங்கள் கணவர் சின்ன மகளோடு முதலே ரொறொன்ரோப் பக்கம் ஸ்காபரோவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தார். பிள்ளை உங்கள் முகத்தை மறந்துவிடும் என்பதுதான் உங்கள் ஒரே பயம்.

இக்கரையில் கோபுரம் கோபுரமாக, வெறுமையாய்க் கிடந்த தானியக் களஞ்சியங்கள். விடுதிச் சமையல்காரரைக் குடைந்து குடைந்து ஊர்க்கதை முழுவதையும் கேட்டு வைத்திருந்தீர்கள். மேற்கேயிருந்து கப்பலில் வந்த கோதுமை இங்கே இறங்கி, வாய்க்கால் வழியாகக் கிழக்கே போனதாம். பிறகு கப்பல்கள் நேரே கடலுக்குப் போக வேறு வழி திறந்ததாம். இரும்பாலையும் மூட, சனம் வீடுகளைப் பூட்டிவிட்டுப் போய்விட்டது.

"வழியிலை இருந்ததாலை வாழ்ந்த ஊர், பிள்ளை. இப்ப இஞ்சை நிண்டு போறது நாங்கள்தான்."

எங்கள் முறை வந்த அன்று பாலம் கடந்து அதிகாரியின் முன்னால் நின்றோம். அவர் முதலில் கேட்டதை, மொழிபெயர்க்க இருந்த தமிழர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "எங்கை போறியள்?"

பயணம் புறப்பட்டவரைப் பார்த்து யாராவது அப்படிக் கேட்பார்களா? நீங்கள் திரும்பி நடந்து, வாசலோர வாங்கில் உட்கார்ந்துவிட்டீர்கள். அதிகாரி பேனையைக் கீழே வைத்தார். எனக்கு உயிரே போய்விட்டது.

"அக்கா, உங்களுக்கு விசரே? எழும்புங்கோ!"

"கொஞ்சம் தண்ணி தரச் சொல்லு. பிள்ளையிட்டைப் போற பயணம். தடையோட போகமாட்டன்."

மொழிபெயர்ப்பாளர் ஏதோ விளக்கினார். அதிகாரி உங்களை வெகுநேரம் பார்த்தார். திருப்பி அனுப்பப்போகிறார் என்றே நினைத்தேன். எழுந்து போனவர் கடதாசிக் கோப்பையில் தண்ணீரோடு வந்தார். குடித்து முடித்து, முதல்தடவை போல அவர் முன்னால் போய் நின்றீர்கள்.

"ரொறொன்ரோவுக்கு. என்ரை மகளிட்டை."

உள்ளே விட்டார்கள். ஸ்காபரோவில் உங்கள் மகள் முதலில் தகப்பனின் காலுக்குப் பின்னால் ஒளிந்தாள். பிறகு வந்தாள்.

இப்போதும் நான் வெளிக்கிடும்போது எங்கே போகிறேன் என்று மகன் கேட்டால், திரும்பி வந்து உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிறேன். அவனுக்கு அது பெரிய பகிடி.

போன மாதம் ஈமச்சடங்கு மண்டபத்திலிருந்து உங்களை எடுத்தபோது உங்கள் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்கே போறியள் என்று ஒருவரும் உங்களைக் கேட்கவில்லை. எனக்கு வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். கேட்டிருக்கவேண்டும், அக்கா. கேட்டிருந்தால் நீங்கள் திரும்பி வந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டிருப்பீர்கள்.