மூடாமல் விட்ட வயிறு

டாக்டரம்மா,

இன்று காலை மகளுக்குப் பாவாடை கட்டிவிட்டேன். நாடாவை இழுத்ததும், "இறுக்காத நைனா, மூச்சு முட்டுது" என்று சிணுங்கினாள். கை அப்படியே நின்றுவிட்டது.

போன வாரம் அவளைப் பரிசோதனைக்குக் கூட்டி வந்தபோது உங்கள் நாற்காலியில் வேறொருவர் இருந்தார். நீங்கள் தவறிப்போய்விட்டதை அவர்தான் சொன்னார். முதலில் கோபம்தான் வந்தது. எனக்கு எதற்கும் அதுதான் முதலில் வரும். உங்களுக்குத் தெரியாததா?

இந்த எழுபதுகளின் தொடக்கத்தில்தான் அவள் பிறந்தாள். ஆவடி குவார்ட்டர்ஸில் பதினாறாம் நாள் குழந்தைக்கு அரைஞாண் கட்டினோம். விரல் நுழைகிற அளவுக்குத் தளர்த்தித்தான் கட்டினாள் என் மனைவி. சில நாளில் கயிறு வயிற்றில் பதிந்தது. அவிழ்த்துத் தளர்த்தினோம். மறுபடி பதிந்தது. "புள்ள நல்லா சதை போட்டுகினு வருது, கண்ணு வெக்காதீங்க" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. மூன்றாம் தடவை கயிற்றை அவிழ்த்தபோது என் மனைவி கத்தினாள்: "சதையாய்யா இது? கையி காலு குச்சியாட்டம் கீது. அழக்கூட மூச்சு இல்ல. கெளம்பு!"

பட்டணத்து ஆஸ்பத்திரியில் நீங்கள் அந்த வயிற்றில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தீர்கள். சோதனைகள் முடிந்ததும் நோயின் பெயரைச் சொன்னீர்கள்: நியூரோபிளாஸ்டோமா, சின்னக் குழந்தைகளுக்கு வருகிற ஒரு புற்றுநோய். "ஈரல் முழுக்கக் கட்டி பரவியிருக்கு. அது மேல தள்ளுது. நுரையீரல் விரிய எடமில்ல."

"அப்ப வெட்டி எடுத்துடுங்க."

"எடுக்கப் போறதில்ல. வயித்தத் திறந்து எடம் குடுக்கப் போறேன்."

நான் தொழிற்சாலையில் எண்ணெய் டாங்குகளுக்கு அழுத்தச் சோதனை செய்பவன். விடவில்லை. "வால்வத் தொறந்தா பிரஷர் எறங்கும் மேடம். உள்ள கீற கோளாறு?"

"பிறந்த குழந்தைக்கு வர்ற இந்த வகை, சில பேருக்குத் தானா சுருங்கிடும். அதுவரைக்கும் மூச்சு ஓடணும்."

"தானா எப்படிச் சுருங்கும்?"

"தெரியாது."

"தெரியாமலேயா கத்தி வெக்கறீங்க?"

"நீ சும்மா கெட. உன் டாங்கா இது?" என்றாள் மனைவி. நீங்கள் சிரித்துவிட்டீர்கள். உடனே முகம் மாறியது. "சீழ் பிடிச்சா பிழைக்காது. அதையும் சொல்லிடறேன். சம்மதமா?" அவள்தான் தலையாட்டினாள்.

ஆபரேஷன் முடிந்த பிறகு குழந்தையைப் பார்த்தேன். வயிறு திறந்தே இருந்தது. பிதுங்கி வெளியே வந்த ஈரலின் மேல் சிலிக்கோன் ரப்பர் விரிப்பைப் பைபோல வைத்து, ஓரங்களில் தைத்திருந்தீர்கள். "மூடாம உட்டுட்டீங்களே!" என்று கத்தினேன். நீங்கள் என்னிடம் வாதாடவில்லை. ஒதுங்கி நின்று, "மார்பப் பாருங்க" என்றீர்கள்.

விலா எலும்புகள் ஏறி இறங்கின. அத்தனை சின்ன மார்புக்குள் அவ்வளவு இடம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. பிறகு அவள் அழுதாள். அதுவரை முனகல்தான் கேட்டிருந்தோம். வார்டில் இருந்த தாய்மார்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். என் மனைவி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த வாரங்களில் ஈரல் மெல்லப் பின்வாங்கியது. அதற்கேற்ப நீங்கள் பையைச் சுருக்கிச் சுருக்கித் தைத்தீர்கள். "என்ன மருந்து குடுத்தீங்க?" என்று நீங்கள் வரும்போதெல்லாம் நச்சரித்தேன். "கட்டிக்கு ஒண்ணும் குடுக்கல" என்பீர்கள். ஒருநாள் நான் நிற்பது தெரியாமல் தொட்டில்மேல் குனிந்து, சுருங்கிக்கொண்டிருந்த அந்த வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். என்னைக் கண்டதும், "எனக்கே நம்ப முடியல" என்றீர்கள். காரணம் கேட்க வாயெடுத்த நான் கேட்காமலே பக்கத்தில் நின்றேன். இரண்டு பேரும் பார்த்தோம். கடைசியில் தோலை இழுத்து மூடினீர்கள். இந்தத் தடவை மூட அந்தத் தோலே போதுமானதாக இருந்தது.

இப்போது அவள் பிடிவாதம் பிடித்தால் குவார்ட்டர்ஸ் முழுக்கக் கேட்கிறது. "அண்ணாத்தே, உன் பொண்ணுக்குத் தொண்டையா அது, ஷிப்டு சங்கா?" என்கிறார்கள். எல்லாரையும் அதட்டுகிற நான் அவளை அதட்டுவதில்லை. முழு மார்பும் விரிந்து வருகிற சத்தம் அது. நின்று கேட்கிறேன். அடங்கிய பிறகுதான், என்ன வேண்டும் என்று கேட்கிறேன்.