நூற்றுக்குப் பதினொன்று

30 மே 1936, சனி

ரயில்வே கிளப் கமிட்டி இன்று மாலை கூடிக் கன்னையாவின் பெயரை நீக்கியது. ஏழாம் விதிப்படி மாதச் சம்பள உத்தியோகத்தர் மட்டுமே உறுப்பினராகலாம். கன்னையா எஞ்சின் ஷெட்டில் நாட்கூலி ஃபிட்டர். மூன்று வருடமாக எல்லோருக்கும் இது தெரியும். அவன் எறிந்தால் பந்து கூடையில் விழும் என்பதால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒரு மொட்டைக் கடிதம் வந்த பிறகுதான் கமிட்டிக்கு விதி ஞாபகம் வந்தது.

ஜூலை 18இல் கிள்ளான் ஊர்க் கிளப்புடன் கூடைப்பந்து எறிதல் போட்டி. பக்கத்துக்கு ஓர் ஆள், பதினைந்து அடிக் கோட்டில் நின்று இருபத்தைந்து எறி. ஓட்டமில்லை, வயதுத் தடையுமில்லை. இனி யார் எறிவது? "அவனுக்குக் கை பிறவியிலேயே வந்தது. அப்பிடி ஒருத்தன் இனிக் கிடையான்" என்று செயலாளர் கந்தப்பு புலம்பினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. பிறவியாம்! "எறிவது வெறும் கணக்கு. தூரம், உயரம், கையின் வேகம். படித்த மனிதன் ஆறு வாரம் பழகினால் போதும்" என்றேன்.

கந்தப்பு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அப்ப நீரே எறியும் காணும், தியாகராசா. ஏழு கிழமை கிடக்கு. ஒரு கிழமை உமக்கு லாபம்" என்றார்.

மேசையைச் சுற்றிச் சிரிப்பு. சிரிப்பு அடங்குவதற்குள் மினிட் புத்தகத்தில் என் பெயர் ஏறிவிட்டது.

31 மே, ஞாயிறு

அந்த மொட்டைக் கடிதம் நான் எழுதியது. இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

அலுவலகத் தட்டச்சில், ஆங்கிலத்தில், நாலே வாக்கியம். கீழே "ஒரு நலம்விரும்பி". முதல் மூன்று வாக்கியங்கள் ஏழாம் விதியைப் பற்றியவை. நாலாவது, அவன் கள் வாடையுடன் கிளப்புக்கு வருகிறான் என்பது. அவன் குடிப்பதில்லை. அவன்மேல் வீசுவது ஷெட்டு மண்ணெண்ணெய். அது எனக்குத் தெரியும்.

ஏன் எழுதினேன்?

பத்தொன்பது வருடம் ஒரே குமாஸ்தா நாற்காலி, கிராணியார் என்ற ஒரே அழைப்பு. என்னிடம் வரைவு எழுதப் பழகிய கந்தப்பு இன்று எனக்கு மேலே இரண்டு கிரேட். அதையெல்லாம் தாங்கிக்கொண்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். ஜனவரியில் நடந்த கிளப் விருந்தில் வெள்ளைக்காரத் துரை எங்களை நோக்கிக் கை நீட்டிக்கொண்டு வந்தார். நானும் நீட்டினேன். அவர் கை என் தோளைத் தாண்டிப் பின்னால் நின்ற கன்னையாவிடம் போயிற்று. என் கை அப்படியே நின்றது. யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

அதற்குத் துரைமேலல்லவா கோபம் வரவேண்டும்?

1 ஜூன், திங்கள்

விடிந்ததும் கிளப் மைதானத்துக்குப் போனேன். கிளப்பில் கிடந்த ஆங்கிலக் கைநூலின் படத்தில் உள்ளபடி, ஒற்றைக் கையால், நெற்றிக்கு மேலிருந்து எறிந்தேன். நூறு எறி. விழுந்தவை பதினொன்று.

2 ஜூன்

ஒன்பது.

3 ஜூன்

பதினான்கு. தோள் வலி. கனகேஸ்வரி எண்ணெய் தேய்த்துவிட்டாள். "இஞ்சருங்கோ, நாப்பத்தாறு வயசில உங்களுக்கு ஏன் உந்த வேலை? அந்தக் கன்னையாவை ஆர் நிப்பாட்டினது?" என்று கேட்டாள். கமிட்டி என்றேன். கமிட்டி என்பது வசதியான சொல்.

5 ஜூன், வெள்ளி

பத்து. ஒரு பந்து பலகையில் பட்டு, வேலியைத் தாண்டி, ரோட்டோரத்துப் பெரிய மழைநீர்க் கானுக்குள் விழுந்தது. கேட்டைச் சுற்றிப் போய் எடுக்கவேண்டுமே என்று அலுத்துக்கொண்டு நின்றபோது பந்து தானாகத் திரும்பி வந்தது. சேறு துடைக்கப்பட்டிருந்தது. வேலிக்கு வெளியே கன்னையா. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வீடு போகிற வழி. சட்டை வயிற்றில் ஈரச் சேறு.

"உள்ளே வா" என்றேன்.

"வேணாம் கிராணியாரே. பேரை எடுத்துட்டாங்கல்ல. ரூல்னா ரூல்தான்."

மைதானத்தில் என்னைத் தவிர ஒரு குருவிகூட இல்லை. இருந்தும் அவன் வரவில்லை. போய்விடுவான் என்று பார்த்தேன். போகவுமில்லை. இன்னும் ஏழெட்டு எறிந்தேன், ஒன்றும் விழவில்லை. முதுகில் அவன் பார்வை உறைத்தது.

"கிராணியாரே, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? பந்தை எறியிறீங்களா, இல்ல வெரட்டுறீங்களா?"

கோபித்துக்கொண்டேன். அவன் சிரித்தான். பிறகு கேட்டான்: "நீங்க கமிட்டிகூடப் பழகுறவரு. அந்தக் கடுதாசிய யாரு எழுதுனதுன்னு ஏதாச்சும் பேசிக்கிட்டாங்களா?"

"தெரியாது" என்றேன்.

எவ்வளவு சுலபமாக வந்தது!

9 ஜூன், செவ்வாய்

பன்னிரண்டு. அவன் தினமும் வருகிறான். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எண்ணுகிறான். என் கணக்கில் பதின்மூன்று. "பன்னெண்டுதான். கடைசிது வளையத்துல பட்டு வெளிய வந்துச்சு" என்றான். உண்மை. பார்த்துக்கொண்டேதான் பதின்மூன்று என்று எண்ணியிருந்தேன்.

எதற்காக எனக்கு உதவுகிறாய் என்று கேட்டேன். வளையத்தைக் காட்டினான்.

"அது நான் அடிச்சது. ஷெட்டுல கழிச்சுப் போட்ட இரும்பு. கிள்ளான்காரன் வந்து நான் அடிச்ச வளையத்துலயே ஜெயிச்சிட்டுப் போவானா? அதை நான் பார்த்துக்கிட்டு நிக்கிறதா?"

16 ஜூன், செவ்வாய்

இரண்டு வாரம் முடிந்தது. இன்று பதின்மூன்று. பிறவிதான் போலிருக்கிறது, கந்தப்பு சொன்னதுதான் சரியோ என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். வாய்விட்டே சொல்லிவிட்டேன் போலும்.

"ரெண்டு கையாலயும் கீழேருந்து போடுங்க" என்றான் கன்னையா. முழங்காலை மடக்கி, இரு கையும் தொடைக்கு நடுவில் பந்தைப் பிடித்து, ஊஞ்சல்போல் மேலே விடவேண்டும். அவன் எறிவது அப்படித்தான். மூன்று வருடமாகப் பார்த்திருக்கிறேன். அவன் செய்தால் அழகு. நான் செய்தால், பின்வாசலில் கழுநீர் கொட்டுகிற கோலம். மாட்டேன், கைநூலில் அப்படியில்லை என்றேன்.

"அப்ப கைநூல்ல இருக்கிற தொரைய வரச் சொல்லிப் போடச் சொல்லுங்க, லா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

17 ஜூன்

கீழிருந்து எறிந்தேன். இருபத்தாறு.

24 ஜூன், புதன்

முப்பத்தைந்து. கனகேஸ்வரி கோயிலுக்குப் போகிற வழியில் நின்று பார்த்தாள். "கிணத்தில வாளி அள்ளுறியளோ?" என்றாள். கன்னையா வேலியோரத்தில் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றான். எனக்கே சிரிப்பு வந்தது. எவ்வளவு காலத்துக்குப் பிறகு!

அவள் போனபின், நீ எங்கே பழகினாய் என்று கேட்டேன். இருபது வருடத்துக்கு முன் பாலம் கட்டுகிற கும்பலில் இருந்தானாம். உலையில் ரிவெட் ஆணியைச் செக்கச்செவேலென்று காய்ச்சி, குறட்டால் பிடித்து, மேலே சாரத்தில் நிற்பவனுக்கு வீச வேண்டும். அவன் தகர வாளியில் பிடிப்பான்.

"பிறவியிலயே வந்த கையா அது?" என்றேன்.

"யார் சொன்னா? மொதல் மாசம் ஒண்ணுகூட வாளியில விழாது. ஒரு நாள் தப்பிப்போய் மேல நின்னவன் தோள்ல விழுந்துச்சு. சதை வெந்த வாசனை. நெனச்சா இப்பவும் சோறு எறங்காது. அப்பறம் வேலை முடிஞ்சதும் ஆறின ரிவெட்டை எடுத்து வச்சு வாளியில போட்டுக்கிட்டே இருப்பேன். கணக்கில்ல. என் தப்புக்கு அவன் வெந்தான், கிராணியாரே. அதுக்கப்பறம் பழகாம இருக்க முடியுமா?"

பந்தை எடுத்து எறிந்தேன். விழுந்தது. "ஆங், அதான்!" என்றான்.

2 ஜூலை, வியாழன்

நாற்பத்தேழு. நாளைக்குக் கடிதத்தைப் பற்றிச் சொல்லிவிடுவேன்.

3 ஜூலை

சொல்லவில்லை. நாற்பத்தொன்பது.

6 ஜூலை, திங்கள்

மழை. இருந்தும் அவன் வந்து, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வேலிக்கு வெளியே நின்றான். கிளப்புக் கூரைக்கும் அவனுக்கும் நடுவே இருபது அடி. வா என்று மீண்டும் கூப்பிட்டேன். தலையை ஆட்டினான். விதியை மதிப்பவன் அவன் ஒருவன்தான். அந்த விதியை எடுத்துக்காட்டியவன் நான். இரண்டு பேரும் நனைந்தோம்.

சொல்ல வாயெடுத்தேன். "ஈரப் பந்து வழுக்கும், விரலை அகட்டிப் பிடிங்க" என்றான். அகட்டிப் பிடித்தேன்.

15 ஜூலை, புதன்

ஐம்பத்தெட்டு. போட்டி முடியட்டும் என்று எனக்கு நானே தவணை கொடுத்துக்கொள்கிறேன். இப்போது சொன்னால் அவன் வருவதை நிறுத்திவிடுவான், என் கை குலைந்துவிடும். இதை எழுதும்போதே என் யோக்கியதை தெரிகிறது.

18 ஜூலை, சனி

கிள்ளான்காரர் முதலில் எறிந்தார். இருபத்தைந்தில் பதினைந்து. நான் கோட்டில் நின்று முழங்காலை மடக்கியதும் நாற்காலி வரிசையில் சிரிப்பு எழுந்தது. யாரோ கோழி கொக்கரிப்பதுபோல் சத்தம் போட்டார்கள். ஐந்தாவது பந்து விழுந்ததும் அது நின்றது.

பதினாறு. ஒரே பந்தில் ஜெயம்.

என்னைத் தோளில் தூக்காத குறை. கந்தப்பு நாற்காலிமேல் ஏறிப் பேசினார்: "இது படிப்புக்குக் கிடைச்ச வெற்றி! சொன்ன வாக்கைச் செய்து காட்டினார் எங்கட தியாகராசா. மெய்யாச் சொல்லுறன், அந்த மொட்டைக் கடுதாசி எழுதின மனுசன் ஆரெண்டு தெரிஞ்சால் அவருக்கும் ஒரு மாலை போடோணும்!"

எல்லோரும் கை தட்டினார்கள். துரை கை நீட்டினார். இம்முறை எனக்குத்தான். என் கையை நீட்ட எனக்கு நேரமாயிற்று.

வேலிக்கு வெளியே, ஷெட்டு ஆட்களுக்கு நடுவில், கன்னையாவும் கை தட்டிக்கொண்டிருந்தான். தலைக்குமேல் தூக்கித் தட்டினான்.

கனகேஸ்வரி பாயசம் வைத்தாள். என்னால் குடிக்க முடியவில்லை.

20 ஜூலை, திங்கள்

சொல்லிவிட்டேன்.

வரமாட்டான் என்று நினைத்தேன், போட்டிதான் முடிந்துவிட்டதே. வந்தான். "இருபதாவது பந்து, கெட்டிக்காரத்தனமா விட்டீங்க" என்று ஆரம்பித்தான். நான் பந்தைக் கீழே வைத்துவிட்டு வேலியருகே போனேன். கடிதம் எழுதியது நான் என்றேன்.

சத்தம் கேட்டுத் திரும்புபவன்போல ரோட்டைப் பார்த்தான். ரோட்டில் ஒன்றுமில்லை.

"ஏழாவது ரூலுன்னு ஒண்ணு மெய்யாவே இருக்குதா?"

"இருக்கு."

"அப்ப நீங்க ஒண்ணும் பொய் எழுதலயே."

அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். வழி விட்டுக் கொடுத்தான். எப்படி வந்ததோ, நாலாவது வாக்கியத்தையும் சொன்னேன். கள் என்ற சொல் அவனுக்கு முதலில் கேட்கவில்லை. இரண்டு தடவை சொல்ல வேண்டியதாயிற்று.

வேலிக் கம்பியைப் பிடித்தான்.

"நான் தொட்டதில்லன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"பேரு போட்டிருக்கலாம், கிராணியாரே. பேரு போட்டு எழுதியிருந்தா நேர்ல வந்து சண்டையாச்சும் போட்டிருப்பேன். இத்தன நாளு ஒவ்வொருத்தன் மூஞ்சியையும் பார்த்து இவனா, அவனான்னு... உங்க ஒருத்தரு மூஞ்சியத்தான் பார்க்கல."

பிடித்திருந்த கம்பியை விட்டான். போனான். வேகமாகக்கூடப் போகவில்லை.

25 ஜூலை, சனி

கமிட்டியில் எழுந்து நின்று வாசித்தேன். நாலு வாக்கியத்தையும் எழுதியவன் நான், நாலாவது பொய், ஏழாம் விதியை மாற்றக் கோருகிறேன். கீழே முழுப் பெயர், பதவி, கையெழுத்து.

கந்தப்பு பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, "உம்மட இங்கிலீசு எண்டு எனக்கு அப்பவே ஒரு சந்தேகம். நம்ப விருப்பமில்லாமல் விட்டன்" என்றார். அதில் கிண்டல் இல்லை, அதுதான் சுட்டது.

விதி மாறியது, ஐந்துக்கு நாலு. நியாயம் பார்த்து மாற்றியதாகத் தெரியவில்லை. அடுத்த வருடம் எறிய ஆள் வேண்டும். கன்னையாவுக்கு அழைப்புக் கடிதம் போகும். வெளியே வந்தபோது என்னோடு ஒருவரும் நடக்கவில்லை.

போட்டிக் கோப்பையில் என் பெயரைப் பொறித்து வைத்திருக்கிறார்கள். எழுத்துப் பிழை இல்லை.

14 ஆகஸ்ட், வெள்ளி

கன்னையாவின் பதில் கிளப் பியூன் வாய்வழி வந்தது. "வரலன்னு சொல்லிட்டாரு ஐயா. வளையத்துல இடது பக்கத்து போல்ட்டு தளர்ந்திருக்காம். போன மாசம் பதினெட்டாந் தேதியே பார்த்தாராம். முடுக்கி எண்ணெய் போடச் சொன்னாரு."

வேறு ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். இல்லை என்றான். அவர் இப்போது ஷெட்டின் பின்வழியாக, கோயில் ரோட்டைச் சுற்றி வீட்டுக்குப் போகிறாராம்.

15 ஆகஸ்ட்

ஏணி வைத்து ஏறி முடுக்கினேன். அவர் சொன்னது சரி. முக்கால் சுற்று.

27 ஆகஸ்ட், வியாழன்

காலையில் போனேன். போட்டி கிடையாது, பார்க்கவும் ஆளில்லை. அறுபத்து நாலு. எண்ணியது நான்தான், வளையத்தில் பட்டு வெளியே வந்ததைச் சேர்க்கவில்லை.

ஒரு பந்து வேலியைத் தாண்டிக் கானுக்குள் விழுந்தது. வேலிக்கு வெளியே பார்த்தேன். பிறகு கேட்டைச் சுற்றிப் போய், கானுக்குள் இறங்கி எடுத்தேன். இடுப்பளவு ஆழம். ஏற ஒரு பிடி கிடையாது. புல்லைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். பந்து முழுக்கச் சேறு. கைக்குட்டை கொண்டுபோகவில்லை. சட்டை வயிற்றில் துடைத்தேன்.