உன் பைனாகுலரும் எங்கள் வீட்டு ஏழு நாளும்

மாப்ள,

நேற்றுக் காலையில் உன்னால் எனக்கு மானம் போயிற்று. மழை விட்டு வெயில் தலைகாட்டிய ஞாயிற்றுக்கிழமை. மொட்டை மாடியில் நின்றுகொண்டு, உன் பைனாகுலரைக் கண்ணில் வைத்து, இன்னும் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்மாடிக்குக் கனகு அக்கா துணி காயப்போட வந்ததை நான் கவனிக்கவில்லை. அவர்கள்தான் என்னைக் கவனித்தார்கள்.

“என்ன தம்பி, எங்க வீட்டுத் துணியில அழுக்குப் போயிருக்கான்னு பாக்குறீகளோ?”

தெருவுக்கே கேட்டது. நான் அதைக் கீழே இறக்குவதற்குள் பின்னாலிருந்து என் மகள் யாழினியின் குரல். “ஏப்பா, திருப்பிப் பிடிச்சிருக்கீக. இப்பிடிப் பாத்தா அந்தப் பெரியம்மா எறும்பு மாதிரில்ல தெரிவாக!”

இதுவும் எதிர்மாடிக்குக் கேட்டது. கனகு அக்காவை எறும்பு என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. அவர்கள் முகம் கொஞ்சம் மலர்ந்த மாதிரிகூட இருந்தது. அதனால் தப்பித்தேன்.

உனக்கு முப்பதாம் நாள் காரியம் முடிந்த அன்றைக்கு உன் வீட்டம்மா இதை என் கையில் கொடுத்தார்கள். “நீங்க வச்சுக்கங்கண்ணே, அவுக கூடவே படிச்சவுக.” இரண்டு வருசம் ஆகிறது. கடைக்குக் கொண்டுவந்து, வெட்டிப்போட்ட ரெக்சின் துண்டில் சுற்றி, மேல் தட்டில் வைத்தேன். வைத்ததோடு சரி. முந்தாநாள் ராத்திரி எடுத்தபோது வார் வெடித்துப் போயிருந்தது. சீட் கவர் தைப்பவன் கையில் கிடைத்தால் என்ன ஆகும்? ஷேர் ஆட்டோவுக்கு வெட்டியதில் மிஞ்சிய சிவப்பு ரெக்சினில் புதுவார் தைத்துப் போட்டுவிட்டேன். பழைய வாரில் உன் வேர்வை வாசம் இருந்தது. அதைத் தூக்கிப் போடவில்லை. மிஷின் இழுப்பறையில் கிடக்கிறது.

இத்தனை நாள் கழித்து அதை ஏன் இறக்கினேன் என்று நீ கேட்பாய். யாழினியால்தான்.

அவளுக்கு இப்போது எட்டாவது. அவள் பள்ளிக்கூடம் எட்டோடு முடிகிறது. அடுத்த வருசம் பெரிய பள்ளிக்குப் போக வேண்டும். அங்கே வருகிற பிள்ளைகள் எல்லாம் ஆளுக்கு ஒன்றில் கெட்டி என்று யாரோ கூட்டாளிப் பிள்ளை அவளுக்குச் சொல்லியிருக்கிறது. பாட்டு, ஓட்டம், படம், ஏதோ ஒன்று. அன்றிலிருந்து தனக்கு என்ன வரும் என்று தேட ஆரம்பித்தாள். முதலில் கீபோர்டு. பேரில்தான் யாழ் இருந்தது, விரலில் இல்லை. அப்புறம் சிலம்பம். நடு வீட்டில் பழகியதில் டியூப்லைட் போயிற்று. அப்புறம் செஸ். மூன்றாவது படிக்கிற பொடியன் ஒருவன் அவளைத் தோற்கடித்துவிட்டு, “பரவால்லக்கா, நல்லாத்தான் ஆடுனீங்க” என்று ஆறுதல் சொல்லி அனுப்பினான். அப்புறம் ஓவியம். என்னைத்தான் வரைந்தாள். என் மாமியார் பார்த்துவிட்டு, கன்றுக்குட்டி லட்சணமாக இருக்கிறது என்றார்கள்.

ஒவ்வொன்றுக்கும் வண்டியில் கொண்டுபோய் விட்டவன் நான். ஒவ்வொன்றையும் ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரித்தவனும் நான்தான். என் வாய் உனக்குத் தெரியாததா? பள்ளத்தூரில் ஒரு காதுகுத்து விருந்து. பந்தியில் ஒருவர், “மக என்ன பண்ணுது?” என்று கேட்டார். “இவளா? இவ எங்க வீட்டு ஏழு நாள். எதைத் தொட்டாலும் ஏழே நாள்தான்!” என்றேன். பந்தியே சிரித்தது. அவள்தான் அப்பளம் வைத்துக்கொண்டு வந்தாள். எல்லா இலைக்கும் வைத்தாள். என் இலையைத் தாண்டிப் போனாள்.

அதற்குப் பிறகு அவள் எதிலும் சேரவேண்டும் என்று கேட்கவில்லை. சொந்தக்காரப் பிள்ளைகள் ‘ஏழு நாள்’ என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். நான் வைத்த பேர், நல்லாப் பிடித்துக்கொண்டது.

போன வாரம் வகுப்பு டீச்சர் எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். பேர், அப்பா பேர், முகவரி, கடைசியில் ‘உனக்கு எதில் ஆர்வம்?’ திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். சனிக்கிழமை அந்தத் தாளை மேசையில் பார்த்தேன். எழுதி அழித்து, எழுதி அழித்து, அந்த இடத்தில் தாள் ஓட்டையாகிவிட்டது. “என்னாத்தா இது?” என்றேன்.

“எனக்கு எதுவுமே வராதுப்பா” என்றாள்.

அழுது சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வது மாதிரிச் சொன்னாள். எனக்குப் பயமாகிவிட்டது மாப்ள. பதின்மூன்று வயதில் ஒரு பிள்ளை தன்னைப் பற்றி அவ்வளவு தீர்மானமாகப் பேசக்கூடாது. அதுவும் அப்பன் எழுதிக் கொடுத்ததைப் படிக்கிற மாதிரி.

அப்போதுதான் நீ ஞாபகத்துக்கு வந்தாய். நாமும் எட்டாவதில் இப்படித்தானே அலைந்தோம்? நீ காரைக்குடியில் உன் மாமா வீட்டில் தங்கி என்னோடு படித்தாய். நாம் தீப்பெட்டிப் படம் சேர்த்தோம், மவுத் ஆர்கன் ஊதினோம், புறா வளர்த்தோம். புறா பறந்து போனது. மவுத் ஆர்கனை என் அப்பா பிடுங்கிப் பரணில் போட்டார். அந்தத் தீபாவளிக்குத்தான் உன் ஊருக்கு நான் முதல்முதலாக வந்தேன்.

“எங்க ஊர்ல வெடி போடமாட்டோம்டா. கண்மாய்க்குப் பறவை வந்திருக்கும், பயந்து போயிரும்” என்று நீ பஸ்ஸிலேயே சொன்னாய். நான் நம்பவில்லை. தீபாவளிக்கு வெடி போடாத ஊர் உண்டா? உங்கள் வீட்டில் வாங்க வசதியில்லை, அதை மறைக்கக் கதை விடுகிறாய் என்று நினைத்தேன். எனக்குப் பாவமாக இருந்தது. என் பங்கு வெடியில் பாதியைத் துணிப்பைக்குள் ஒளித்துக் கொண்டுவந்திருந்தேன், உன்னைச் சந்தோசப்படுத்த. காலையில் நீ குளித்துக்கொண்டிருந்தபோது கண்மாய்க் கரைக்குப் போய் ஒரு சரத்தைப் பற்றவைத்தேன்.

அந்தச் சத்தத்தைவிட அடுத்து வந்த சத்தம்தான் பெரிது. கருவேல மரங்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் எழுந்த மாதிரி இருந்தது. வானம் வெள்ளையாகிவிட்டது. சத்தம் கேட்டுக் குளியலை விட்டு நீ ஓடிவந்தாய்; நான் உன் பின்னால் போய் நின்றுகொண்டேன். ஊரே கரைக்கு வந்துவிட்டது. “பிள்ளத்தாச்சியா வந்திருக்குதுக. அதுக காதுக்குள்ள வெடியப் போட்டது எவன்டா?” என்று ஒரு பெரியவர் கேட்டார். ஈரத் தலையோடு நின்ற நீ, “நான்தான்” என்றாய்.

உன் அப்பா அடிக்கவில்லை. “எந்திரிச்சுப் போனதுக திரும்பி வருதான்னு நின்னு பாரு. வந்தப்பறம் நீ வீட்டுக்கு வா” என்றார். நீ பொழுது சாயும்வரை கரையில் நின்றாய். நான் உன் வீட்டில் இருந்தேன். விருந்தாளி என்று உன் அம்மா எனக்கு ஆறு அதிரசம் வைத்தார்கள். நான் ஆறையும் தின்றேன். தொண்டையில் அடைக்கவாவது செய்திருக்கலாம், அதுவும் இல்லை.

நீ திரும்பி வந்தபோது உன் முகத்தில் கோபம் இல்லை. “வந்துருச்சுடா. ஒவ்வொண்ணா வந்துச்சு. அதது மரத்துல அதது கெளையிலயே உக்காந்துச்சுடா!” என்றாய். அன்றைக்குப் பிடித்தது உனக்கு அந்தக் கிறுக்கு. சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போனவன் முதல் விடுப்பில் தங்கம் கொண்டுவருவான்; நீ பைனாகுலர் கொண்டுவந்தாய். விடுப்புக்கு வரும்போதெல்லாம் “கண்மாய்க்கு வாடா” என்று போன் அடிப்பாய். “கொக்கப் பாக்க எதுக்குடா கண்ணாடி? கொழம்பு வச்சாத் தெரியாதா?” என்பேன். நீ கோபித்துக்கொள்ள மாட்டாய். ஒரு தரம் மட்டும் சொன்னாய்: “சும்மா வந்து பாருடா. பாக்குறதுக்கு மார்க் கெடையாது.”

சனிக்கிழமை அந்த ஓட்டைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது இந்த வாக்கியம்தான் காதில் விழுந்தது.

எனவே நேற்று, மாடியில் மானம் போன கையோடு, யாழினியை வண்டியில் ஏற்றிக்கொண்டு உன் ஊருக்குப் போனேன். உன் வீட்டம்மா வாசலுக்கே வந்துவிட்டார்கள். “வாங்கண்ணே! வா தாயி! இங்குட்டு நிழல்ல வண்டிய நிப்பாட்டுங்க. ரெண்டு வருசத்துல இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சா?” கையில் காபியைக் கொடுத்துவிட்டுக் கரைக்குக் கூடவே வந்தார்கள்.

யாழினி சிவப்பு வாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேண்டாவெறுப்பாகத்தான் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் பைனாகுலரை இறக்கவே இல்லை. ஒரு நத்தைக்குத்தி நாரை சுள்ளி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து கிளை இடுக்கில் வைத்தது. விழுந்தது. மறுபடி போய் ஒன்று கொண்டுவந்தது. அதுவும் விழுந்தது. “அப்பா, அதுக்கும் வரலப்பா” என்றாள், கண்ணை எடுக்காமல். நான் கிண்டலாக என்னவோ சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயில் மிச்சக் காபியை ஊற்றி மூடிக்கொண்டேன்.

ஒன்பது சுள்ளி விழுந்ததாம். பத்தாவது நின்றது. அவள் கையைத் தட்டப்போய், பறவை பயந்துவிடும் என்று பாதியிலேயே நிறுத்தி, உள்ளங்கைகளை ஒட்டிவைத்துக்கொண்டாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

“இப்பிடித்தான் தாயி ஒங்க மாமாவும் நிப்பாக” என்றார்கள் உன் வீட்டம்மா. “அவுகளுக்கு ஊர்ல என்ன பேரு தெரியுமா? வெடி. சின்னதுல தீவாளிக்கு இந்தக் கரையில வெடியப் போட்டுட்டாகன்னு அந்தப் பேரு.”

எனக்குத் தெரியாதா அந்தப் பேர்? உன் கடைசி நாளில் ஊர் முகப்பில் கட்டிய கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸில், உன் போட்டோவுக்குக் கீழே, உன் பேருக்குப் பக்கத்தில் போட்டிருந்தார்களே, ‘வெடி’ என்று. அதற்கு முன்னால் நின்றுதான் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வரத் தயங்கினேன். ஒரு பேர் ஒட்டிக்கொண்டால் ஆளோடு எவ்வளவு தூரம் போகும் என்று அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகும் என் பிள்ளைக்கு ஒன்று வைத்தேன் பார்.

“அது அவன் போட்ட வெடி இல்ல” என்றேன். “நான் போட்டது. அவன் ஏத்துக்கிட்டான்.”

உன் வீட்டம்மா சிரித்தார்கள். “அண்ணே, அது கல்யாணமான மறுவாரமே எனக்குத் தெரியும். ‘உண்மையச் சொன்னா அவன் வெக்கப்பட்டு நம்ம ஊர்ப்பக்கமே வரமாட்டான்’ம்பாக. சொல்லாம இருந்தும் என்ன வந்துட்டீக?”

முதுகில் ஒரு அடி வைத்திருந்தாலும் வாங்கியிருப்பேன். நீ கூப்பிட்டபோதெல்லாம் வராதவன் நான். உனக்கு அந்தப் பேரும் மிச்சம், நான் வராததும் மிச்சம்.

ஆனால் யாழினி என்னையே பார்த்தாள். பள்ளத்தூர்ப் பந்திக்குப் பிறகு அவள் என்னை அப்படி நேராகப் பார்த்ததே இல்லை. பைனாகுலரைத் திருப்பிப் பிடித்து, என்னை எறும்பாக்கிப் பார்த்துவிட்டு, “அப்ப நீங்கதான் வெடியா?” என்றாள். விழுந்து விழுந்து சிரித்தாள், சத்தம் வராமல் துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு. அந்தச் சிரிப்புக்கு நான் எத்தனை பேர் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்வேன்.

திரும்பும்போது திருப்பத்தூர் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். டீயை ஆற்றிக்கொண்டே, தரையைப் பார்த்துக் கேட்டாள்: “அப்பா, இதுவும் ஏழு நாள்தானாப்பா?”

பதில் நெஞ்சுவரை வந்தது. நான் சொன்னது என்னமோ, “ஹெல்மெட்ட ஒழுங்கா மாட்டு ஆத்தா” என்பதுதான். வாய் நிறையக் கிண்டல் பேசுகிறவனுக்கு நல்ல வார்த்தை ஒன்று வேண்டும்போது வருவதில்லை.

இன்று திங்கள். கடையில் கூட்டமில்லை. மிஷின் மேல் தாளை வைத்து இதை எழுதுகிறேன். காலையில் அவள் தலை பின்னிக்கொண்டிருந்தபோது அந்த ஓட்டைத் தாளை எட்டிப் பார்த்தேன். ஓட்டைக்குப் பின்னால் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, அதன்மேல் எழுதியிருந்தாள்: ‘கண்மாயில் நாரை பார்ப்பது. ஆரம்பித்து ஒரு நாள் ஆகிறது.’

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போகவேண்டும் என்று அவளாகவே சொல்லிவிட்டாள். உன் பைனாகுலர் இனி அவள் கழுத்தில். உன் பேர் என் கழுத்தில். வீட்டில் நேற்றிலிருந்து நான்தான் வெடி. கனமாக இல்லை மாப்ள, நீ சுமந்து பழக்கிக் கொடுத்ததுதானே.

டீக்கடையில் அவளிடம் சொல்லாமல் விட்டதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். ஏழு நாள்ல விட்டாலும் விட்டுட்டுப் போ ஆத்தா. எட்டாவது நாள் எங்குட்டுப் போகணும்னு மட்டும் சொல்லு, அப்பா வண்டிய எடுக்குறேன்.