வயிற்றுக்கு ஒன்று, கைக்கு ஒன்று

2025 ஜூலை 13, ஞாயிறு

மகள் கல்யாணத்துக்கு ஜாக்கெட் அளவு கொடுத்தேன். கை போன வருடத்தைவிடச் சிறுத்திருக்கிறது. பாவாடை நாடாவோ முடிச்சுப் போட எட்டவில்லை. கையில் தோல் தொங்குகிறது, வயிறு முன்னால் நிற்கிறது. நாற்பத்தெட்டு வயதில் இப்படித்தான் என்று விட்டிருப்பேன். நாத்தனார் விஜி விடவில்லை.

"மதினி, மேடையில நீங்கதான் முழுகாம இருக்கீகன்னு நினைச்சிரப் போறாக!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

ஜூலை 17

ஆடி முதல் தேதி. ராஜபாளையத்தில் ஜவுளிக்கடைக்கு அடுத்த அழகு கிளினிக்கிலும் ஆடித் தள்ளுபடி: வயிற்றுக்குக் கட்டினால் கைகளுக்குப் பாதி விலை. "வயித்துக்கு ஃப்ரீஸிங், கைக்கு டைட்டனிங். கத்தியே கிடையாது மேடம்," என்றாள் வரவேற்பில் இருந்த பெண். எத்தனை பேருக்கு, எவ்வளவு குறைந்தது என்று கேட்டேன்.

"நல்லாக் கொறையும் மேடம்."

கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவளிடம் இந்தப் பதில்!

ஜூலை 20

பகல் முழுவதும் படித்தேன். உறைய வைப்பது கொழுப்பைக் கொல்லும். ஆனால் தோல் தளர்ந்தபடியே இருக்கும். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம். விரலால் கிள்ளிப் பிடிக்க முடிகிற கொழுப்புக்கு மட்டும்தான். ரேடியோ அலைச் சூடு தோலை ஓரளவு இறுக்கும், பல தடவை போக வேண்டும். அல்ட்ராசவுண்ட் இன்னும் ஆழம் போகும், வலிக்கும். எதிலும் எடை குறையாது.

கல்யாணம் செப்டம்பர் 4. எதுவும் அதற்குள் ஆகாது. பிறகு ஏன் போகிறேன்? விஜியின் சிரிப்புக்காகவா?

ஜூலை 28, ஆடிப்பூரம்

தேருக்கு விடுமுறை. இரண்டு இட்லியிலேயே வயிறு முட்டிவிட்டது. "டயட்டா மதினி? பலே," என்றாள் விஜி.

ஆகஸ்ட் 2

ஸ்ரீவில்லிபுத்தூரில் தோல் டாக்டர் நூர்னிசா. வீட்டில் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுப் போனேன்.

படுக்கச் சொல்லி வயிற்றைக் கிள்ளிப் பார்த்தார். தோல் மட்டும்தான் வந்தது. விலாப்பக்கம் தட்டினார். ஒருக்களிக்கச் சொல்லி மறுபடி தட்டினார்.

"மேடம், உறைய வைக்க இங்க கொழுப்பே இல்ல. உள்ள நீர் கோத்திருக்கு. கையும் தளரல, சதை கரைஞ்சிருக்கு. ரெண்டுக்கும் காரணம் ஒண்ணுதான். இன்னைக்கே ஸ்கேன் எடுங்க."

கிள்ளிப் பிடிக்க முடிகிற கொழுப்பு — நான் எழுதியதுதானே மேலே இருக்கிறது? ஊரெல்லாம் ஆதாரம் கேட்டேன். என் வயிற்றை நான் கிள்ளிப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 3

ஸ்கேனில் சூலகத்தில் கட்டி, புற்றாக இருக்கலாம் என்று போட்டிருக்கிறது. இவரிடம் சொன்னேன்.

"பிள்ளைக்குச் சொல்லாத. கல்யாணம் முடியட்டும்... ஏட்டி, வலிக்குதா?"

வலிக்கவில்லை என்றேன். வலித்திருந்தால் முன்னாலேயே போயிருப்பேனே. எப்படித் தெரியாமப் போச்சு எனக்கு?

செப்டம்பர் 1

மதுரை ஆஸ்பத்திரி. சோதனைகளில் புற்று என்றே உறுதியானது. நீரை இறக்கினார்கள். ஐந்து லிட்டர். எட்டாம் தேதி மருந்து ஏற்ற ஆரம்பிக்கிறார்கள்.

செப்டம்பர் 4

தாலி ஏறியது. மகள் அழகாக இருந்தாள். ஜாக்கெட் கையை இன்னொரு முறை பிடித்துத் தைத்திருந்தது. நாடா நன்றாக எட்டியது.

பந்தியில் விஜி என் இடுப்பில் கை போட்டாள்.

"அடி கள்ளி மதினி! அம்புட்டும் போயிருச்சே! எந்த கிளினிக்கு?"

"மதுரையில."

"மறுபடி வந்துருமா?"

சாம்பார் வாளியோடு நின்ற இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வரும்னுதான் சொல்றாக," என்றேன்.